பேண்ட் பிள்ளையளுக்கு தாளம் முதல்ல வாயில வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஆகஸ்ட் 15 நெருங்குனா நம்ம குமரி மாவட்டத்துல பள்ளிக்கூட கிரவுண்டுல எல்லாம் பேண்ட் சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும், கேக்க சந்தோஷமா தான் இருக்கு, ஆனா புதுசா சேந்த பிள்ளையளுக்கு முதல் நாளே ட்ரம்மையும் குச்சியையும் கையில குடுத்து பக்கத்துல நிக்கவன பாத்து அடின்னு விட்டுருதாங்க. அடுத்தவன் கைய பாத்து அடிச்சா ஒவ்வொரு அடியும் பிந்தி தான் விழும். அது பழகிட்டா பிறகு மாத்துறது பெரும்பாடு. நான் தக்கலை பக்கம் சர்ச் பேண்ட்ல சின்ன பிள்ளையளுக்கு சொல்லிக் குடுக்கேன், அதனால தான் எழுதுறேன்.

முதல் ரெண்டு மூணு வாரம் ட்ரம்மே வேண்டாம். வரிசையா நிக்க வச்சு இடது வலதுன்னு கால மிதிக்க சொல்லுங்க, அதுக்கு மேல வாயால சொல்லட்டும். ஒரு மிதிக்கு ஒண்ணுன்னா தா, அதே மிதிக்குள்ள ரெண்டுன்னா தக, மூணுன்னா தகிட, நாலுன்னா தகதிமி. கால் வேகம் மாறவே கூடாது, வாய் மட்டும் மாறணும். ஹங்கேரி நாட்டு இசைக்காரர் கோடாய் பேர்ல இருக்க, பிள்ளையளுக்கு இசை சொல்லிக் குடுக்குற முறையிலயும் டா, டி-டின்னு வாயால சொல்ல வச்சிட்டு பிறகு தான் எழுதின இசைக் குறிய காட்டுதாங்க, நமக்கு தக, தகிடன்னு தாளத்த வாயால சொல்லுற சொல்கட்டு ஏற்கனவே இருக்கு, வில்லுப்பாட்டும் சிங்காரி மேளமும் கேட்டு வளந்த பிள்ளைய சட்டுன்னு பிடிச்சிரும்.

மார்ச் டியூன்ல அடிக்கடி டாட்டட் நோட் வரும்லா, அதாவது ஒரு அடி நீண்டு அடுத்தது குட்டையா விழுறது, அத போர்டுல முக்கால், கால்னு கணக்கு போட்டு விளக்குனா ஆறாம் கிளாஸ் பிள்ளைக்கு தலை தான் சுத்தும். தகதிமி சொல்லிட்டே நடுவுல உள்ள க, தி ரெண்டையும் முழுங்க சொல்லுங்க, த..மி த..மி, அவ்வளவு தான், வந்துரும். முதல் தடவ சரியா விழும்போது அந்த பிள்ளைய முகத்த பாக்கணும் ஐயா!

ரெஸ்ட், அதாவது டியூனுக்கு நடுவுல அடிக்காம விடுற இடம், அது தான் எல்லாத்தையும் விட கஷ்டம், சத்தம் இல்லாத இடத்துல அவசரப்பட்டு அடுத்த அடிக்கு தாவிரும். அங்க ரெண்டு கையையும் விரிச்சு காட்ட வையுங்க, கைக்கு ஒரு வேலை இருந்தா அந்த நேரம் விட்டுப் போகாது.

ஒரே வேகத்துல டிக் டிக்குன்னு தட்டிக் காட்டுற மெட்ரோனோம் ஆப் போன்ல ஃப்ரீயா கிடைக்கு. நிமிஷத்துக்கு 60 தட்டுல தொடங்கி தடுமாறாம வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா மார்ச் வேகமான 120க்கு கூட்டலாம். சத்தம் கூடுனா பிள்ளையளுக்கு வேகமும் தானா கூடிரும், அதனால சத்தம் குறைச்சு அடிச்சு பழகட்டும். தேசிய கீதம் 52 செகண்ட்ல முடியணும்லா, அதுக்கும் இந்த பழக்கம் தான் உதவும்.

இன்னொண்ணு, தாளமே வராதுன்னு ஒரு ஸ்கூல் பேண்ட்ல இருந்து நிப்பாட்டுன பிள்ளை ஒண்ணு எங்ககிட்ட வந்து இப்ப சைட் ட்ரம் அடிக்கி. வாயால சொல்ல வச்சப்ப ஒரு தப்பும் இல்ல, பக்கத்து பிள்ளை கைய பாத்து பாத்து தான் பிந்தியிருக்கு.

தலைமை ஆசிரியர்மாரும் பிடிஏகாரங்களும் தயவு செஞ்சு ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் வாரத்துக்கு ரெண்டு பீரியட் பேண்டுக்கு ஒதுக்குங்க, விழாவுக்கு பத்து நாள் இருக்கும்போது கிளாஸ கட் பண்ணி வெயில்ல நிக்க வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சர்ச் பேண்ட் வாத்தியார் ஒருத்தர், தக்கலை