அழுதவர்களும் அழாதவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எலிசபெத் ராணியின் மறைவு பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்தேன். தேம்ஸ் நதிக்கரையில் ராத்திரிக் குளிரில், கையில் வரிசைப் பட்டை கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று, சவப்பெட்டி முன் சில நொடி தலைகுனிந்துவிட்டுப் போனவர்களின் துக்கம் உண்மையானது. 70 வருடம் பார்த்த முகம், வீட்டுப் பெரியவர் போனதுபோல்தான் இருக்கும்.

சரி, கென்யாவில் பலர் ஏன் அழவில்லை என்பதையும் எழுதுங்கள். 1952-ல் அவர் அரசியானபோது இருந்ததே அந்த நாட்டில்தான். அதே வருடம் அங்கே அவசரநிலை வந்தது, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்குகிறோம் என்று முகாம்களில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள், 2013-ல்தான் பிரிட்டன் வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்த முதியவர்களிடம் போய்க் கண்ணீர் கேட்க முடியுமா?

எனக்குப் பொறுக்காதது, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ராணியின் மகன் சார்லஸை மன்னராக அறிவித்தபோது மன்னராட்சியே வேண்டாம் என்று அட்டை பிடித்த பெண்ணைப் போலீஸ் கைது செய்ததுதான். யாரும் ஓட்டுப் போடாமல் ஒருவர் மன்னராகிறார், அதைக் கேள்வி கேட்கவும் கூடாது என்றால் அப்புறம் என்ன ஜனநாயகம்? மன்னராட்சியை விட்டு விலகவும் வழி இருக்கிறது: ராணியைத் தலைவராகக் கொண்டிருந்த கரீபியன் தீவு நாடான பார்படாஸ் 2021 நவம்பரில் குடியரசானது, சண்டை சச்சரவு இல்லாமல், சார்லஸே விழாவுக்குப் போயிருந்தார்.

- ஒரு வாசகர், மதுரை