நீ விட்டுப்போன படங்களைப் பார்த்தேன்

இயேசுவுக்கே புகழ்! மரியாயே வாழ்க!

அன்புத் தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாமா வீட்டுக் காரியம் நீ சொன்னபடியேதான் முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஃபோன் பண்ணினால் "ஷாட் ரெடி, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன படத்தில் உதவி இயக்குநராக உன் பேர் வந்த இடத்தைச் சித்தி ஃபோட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். நான் அதை எத்தனை பேரிடம் காட்டினேன் என்று தங்கச்சியைக் கேள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒருத்தி, "ஏ சர்டிபிகேட் படமாமே" என்றாள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே உறுத்தியது. நீ பார்க்கிற படங்களில் நான் எதைப் பார்த்திருக்கிறேன்? கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ விட்டுப்போன ஹார்ட் டிஸ்கைத் தங்கச்சியிடம் கொடுத்து டிவியில் போடச் சொன்னேன்.

முதலில் பார்த்தது இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் 'லா டோல்ச்சே வீட்டா'. 1960-இல் அது வந்தபோது வத்திக்கான் நாளிதழ் எவ்வளவு கடுமையாகத் தாக்கியது, அதை ஆதரித்து எழுதிய இயேசு சபைச் சாமியார் நசரேனோ தத்தேய் என்ன பாடு பட்டார் என்பதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். அந்தப் பங்களாக் கூத்து வந்ததும் தங்கச்சி ரிமோட்டை எடுத்தாள். ஓட்டாதே என்றேன். ஓட்டியிருந்தால் கடைசிக் காட்சி எனக்குப் புரிந்திருக்காது. விடிய விடிய ஆடின கூட்டம் கடற்கரைக்கு வருகிறது. வலையில் ஏதோ ஒரு பெரிய மீன் செத்துக் கிடக்கிறது, கண் மட்டும் திறந்தபடி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், படத்தில் முன்னே வந்த அந்தச் சின்னப் பெண் நின்று கதாநாயகனைக் கூப்பிடுகிறாள், கையால் என்னவோ சைகை காட்டுகிறாள். இவனுக்குக் கேட்கவில்லை. கையை விரித்துக் காட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்விடுகிறான். நான் கடற்கரையில் பிறந்தவள். அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்பது தெரியும். கேட்காவிட்டால் தண்ணீரில் இறங்கிக் கிட்டே போவோம். அவன் இறங்கவே நினைக்கவில்லை. தம்பி, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் பாவப் படம் என்று நான் சொல்லமாட்டேன். பாவத்துக்கு உள்ளே போய், அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு வந்த ஒருத்தர் எடுத்த படம் அது.

இன்னொரு இத்தாலிய இயக்குநர் பசோலினியின் படத்தையும் பார்த்தேன். கடவுள் இல்லை என்றவர், கம்யூனிஸ்ட். ஒரு குறும்படத்தில் மதத்தை அவமதித்தார் என்று 1963-இல் இத்தாலிய நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அடுத்த வருஷமே மத்தேயு நற்செய்தியைப் படமாக்கி, திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சிலுவையடியில் விழுந்து கதறுகிற முதிய மாதா அவரைப் பெற்ற தாய் என்று தங்கச்சி சொன்னதும் என்னால் உட்கார முடியவில்லை. சினிமாவின் நூற்றாண்டுக்காக 1995-இல் வத்திக்கான் தேர்ந்தெடுத்த 45 படங்களில் அதுவும் இருக்கிறது. எடுத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதை வைத்துப் படத்தைத் தள்ளக் கூடாது என்பதில் நீ சொல்வதே சரி. நம் பங்குக் கோயிலில் அப்படித் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களோடு என்னைச் சேர்க்காதே.

ஆனால் நீ சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று இருக்கிறது. 1963-இல், உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தந்த ஏட்டைச் சாமியாரிடம் வாங்கிப் படித்தேன். தீமையைக் கதையாகவும் காட்சியாகவும் காட்டலாம், அதனால் மனுஷனை இன்னும் ஆழமாகப் புரிந்துகொள்ள முடியும், நன்மையின் பெருமையும் விளங்கும் என்று அதிலேயே இருக்கிறது. அதே பத்தியில், அது ஆன்மாவுக்குக் கேடாகாதபடி அறநெறிக்கு உட்பட வேண்டும் என்றும் இருக்கிறது. அறநெறிதான் கலைக்கும் மேல் என்று அதற்கு முந்தின பத்தி சொல்கிறது. நீ முதல் பாதியைச் சொல்வாய், அன்பியத்தில் மற்றப் பாதியைச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் படி தம்பி.

"நான் கேமராவைத்தான் பார்க்கிறேன், என்னை ஒன்றும் செய்யாது" என்பாய். புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸும் அப்படித்தான் நினைத்தார். கூட்டாளிகள் ரோமையில் வாள்சண்டைக் கூத்துக்கு இழுத்துப்போனார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஒரே குரலாகக் கத்தியதும் கண்ணைத் திறந்தார், ரத்தத்தைப் பார்த்தார், அதிலேயே மயங்கிப்போனார். பிற்பாடு ஆயரான மனுஷர் அவர். நன்றாக எடுக்கத் தெரிந்தவன் அந்தக் கூச்சலை இன்னும் நன்றாக எழுப்புவான். திறமை கூடக்கூடப் பயமும் கூட வேண்டும். நீ திறமைக்காரன், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொரு படமும் அதில் இருந்தது. பெர்த்தொலூச்சி 1972-இல் எடுத்தது, 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்'. தங்கச்சி வேண்டாம் என்றாள், நானும் பார்க்கவில்லை. அதனால் படம் எப்படி என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எடுத்த விதத்தைப் பற்றிப் பேசப் படத்தைப் பார்க்கத் தேவையில்லை. மரியா ஷ்னைடருக்கு அப்போது 19 வயது. கூட நடித்த மார்லன் பிராண்டோவுக்குக் கிட்டத்தட்ட 48. அந்தப் பலாத்காரக் காட்சியில் என்ன செய்யப்போகிறோம் என்பதை இயக்குநரும் பிராண்டோவும் பேசி வைத்துக்கொண்டு, அவளிடம் முன்கூட்டி முழுசாகச் சொல்லவில்லை. நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவள் எப்படித் துடிப்பாள் என்பதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்று இயக்குநரே 2013-இல் சொன்னார். குற்ற உணர்வு உண்டு, எடுத்ததற்காக வருத்தமில்லை என்றும் சொன்னார். அதற்குள் அவள் இறந்து 2 வருஷம். திரையில் வந்தது நிஜமான அழுகை என்று அவள் 2007-லேயே சொல்லியிருந்தாள்.

1976-இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் ஆபாசம் என்று அந்தப் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொன்னது. பார்க்கிறவர்கள் கெட்டுப்போவார்கள் என்ற கவலை அது. நம் ஆட்களின் கவலையும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஆபாசப் படங்களைப் பற்றிச் சொல்லும்போது திருச்சபையின் மறைக்கல்வி நூல் மாண்பு கெடுகிறவர்கள் வரிசையில் நடிக்கிறவர்களைத்தான் முதலில் சொல்கிறது, விற்கிறவரும் பார்க்கிறவரும் அப்புறம்தான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் நானும் இனிமேல் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஒரு பிள்ளையை ஏமாற்றி அழவைத்துவிட்டு அதற்கு உலகம் கை தட்டினால், அந்தக் கைதட்டலில் ஒரு கத்தோலிக்கன் சேரக் கூடாது. படம் எவ்வளவு உயர்ந்ததாகவும் இருக்கட்டும்.

தங்கச்சி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைத் திட்டாதே.

உங்கள் புதுப் படத்தில் நடிக்கிற பிள்ளை எந்த ஊர்? அவள் அம்மா கூட வருகிறார்களா? கதையை முழுசாக அவள் கையில் கொடுத்திருக்கிறீர்களா? "ரியாக்‌ஷன் நிஜமா வரணும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது உதவி இயக்குநருக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்றும் தெரியும். கோயிலில் போட்ட இயேசுவின் பாடுகளின் நாடகத்தன்று அப்பா சாட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாரே, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாய். சாட்டை இல்லாமலும் கோயில் முழுக்க அழுதது. நீதான் அப்படி எடுத்துக் கட்டினாய். உனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் நடுராத்திரிப் பூசையில் நற்கருணை வாங்க நீ எழவில்லை, உன் முழங்காலைத் தாண்டித்தான் போனேன். அதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் ஷூட்டிங் வைக்கிறார்களா? அங்கே பக்கத்தில் தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று சித்தப்பா விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜூலை 26 பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றம், இப்போதே லீவு சொல்லி வை. அப்பா டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வேறு எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை தம்பி. அந்தக் காட்சியை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்றா என்பதற்கு மட்டும் எழுது. சொல்லவில்லை என்றால் நீ போய்ச் சொல்.

அன்புடன்,
அம்மா