பொட்டி மேல பழி போடறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நாங்க கிருஷ்ணகிரி பழையபேட்டைல இருக்கோம். பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு மச்சான் பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிளேஸ்டேஷன் 4 வாங்கிக் குடுத்தான், ரெண்டு வருஷமா நல்லாத்தான் ஓடுச்சு. போன மாசம் நெட்காரங்க பழைய ரவுட்டர கழட்டிட்டு புதுசு மாட்டிட்டுப் போனாங்க, அன்னைக்கு சாயந்திரத்துல இருந்து போன்ல நெட் வருது, டிவில வருது, கேம் பொட்டில மட்டும் எங்க வைஃபை பேரையே காட்டல. பக்கத்து வீட்டுது காட்டுது, எதிர் மளிகைக்கடைது காட்டுது, எங்களுது இல்ல!

கம்ப்ளைண்ட் குடுத்தா ஒரு தம்பி வந்து அவர் போன்ல பாத்துட்டு "சிக்னல் ஃபுல்லா இருக்குங்க சார், உங்க பொட்டிலதான் ஃபால்ட்"னு செருப்ப மாட்டிட்டு கிளம்பிட்டாரு. சரின்னு ரிப்பேர் கடைக்கு தூக்கிட்டுப் போனா, திறந்துகூட பாக்காம போர்டு போயிருச்சு 3,500 ஆகும்னாங்க.

பணம் எடுக்க ஏடிஎம் போற வழியில மச்சானுக்கு போன் போட்டேன். "மாமா, பொறுங்க, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு அதுல பொட்டிய கனெக்ட் பண்ணிப் பாருங்க, 2.4ல வைங்க"ன்னான். வீட்டுக்கு வந்து போட்டா டக்குனு புடிச்சுக்குச்சு. அப்ப பொட்டிக்கு என்ன கேடு?

விஷயம் இதுதாங்க. வைஃபைல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்ட், அதாவது அலைவரிசை, இருக்கு. 2013ல வந்த முதல் பிளேஸ்டேஷன் 4க்கு 2.4 மட்டும்தான் தெரியும், 2016ல வந்த ஸ்லிம், ப்ரோ ரெண்டுக்கும்தான் 5 புடிக்கும். பொட்டி ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் சியுஎச் 10, 11, 12ன்னு ஆரம்பிச்சா பழசுன்னு அர்த்தம், எங்களுதும் அதான். எங்க புது ரவுட்டர்ல 2.4 ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. ஸ்பீடு டெஸ்ட் போட்டா நம்பர் பெருசா காட்டணும்ல, அதுக்காக இருக்கும்.

ஆன் பண்ணலாம்னா ரவுட்டர் பாஸ்வேர்டு எங்ககிட்ட இல்ல. எங்க வீட்டு ரவுட்டர், மாசாமாசம் பில்லு கட்டறது நான், பாஸ்வேர்டு மட்டும் அவங்ககிட்ட! மூணு நாள் அலைஞ்சு வாங்கி, 2.4க்கு தனிப் பேரு வச்சதும் அரை நிமிஷத்துல கனெக்ட் ஆயிருச்சு. எங்களுது பழைய கருங்கல் வீடு, சுவரே ஒன்றரை அடி, அதத் தாண்டி பையன் ரூமுக்குப் போக 2.4தான் தேவல. கேபிள் இழுக்கலாம்னு துளை போட்டதுல ரெண்டு டிரில் பிட்டு முனை போனதுதான் மிச்சம்.

அதனால நெட்காரங்களுக்கு சொல்றது, ரவுட்டர் மாத்தும்போது எந்த பேண்ட் ஓடுது, பாஸ்வேர்டு என்னன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுங்க. வீட்ல என்னென்ன பழைய பொட்டி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

இப்ப கேம் ஓடுது, ஆனா நேட் டைப் 3ன்னு, அதாவது மத்த பொட்டிங்களோட நேரடியா பேச விடாத கனெக்ஷன்னு வந்து தர்மபுரில இருக்கற ஃபிரண்டோட பேச முடியலன்னு பையன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான். ஒரே ஐபி அட்ரஸ, அதாவது நெட்ல இருக்கற விலாச நம்பர, பல வீட்டுக்கு பங்கு போட்டுக் குடுத்தா இப்படி ஆகுமாம். தனி ஐபி கேட்டிருக்கோம், எக்ஸ்ட்ரா காசாம், எவ்வளவுன்னு கேட்டா "மேனேஜர்ட்ட கேட்டு சொல்றேன் சார்"ங்கறாங்க, வாரம் ரெண்டாச்சு.

இப்படிக்கு,
பழையபேட்டை வாசகர்,
கிருஷ்ணகிரி