பாதியில் நின்ற கை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை அவரே படிக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ‘எல்லாம் மூளை செய்கிற வேலை என்றால் உன் அப்பாவை எப்படிக் குற்றம் சொல்வாய்? அந்தக் காலத்தில் அடிக்காத அப்பா யார்?’ என்று எழுதியிருந்தாய்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாரே, உன்னையும் சேர்த்துத்தான். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அப்படிப் பேச வைக்கிறது என்று டாக்டர் சொன்னதும் யாருக்கும் கோபம் வரவில்லை. ஆனால் நாம் பள்ளியில் படித்தபோது பெல்ட்டை எடுத்தவருக்கும் ஒரு மூளை இருந்தது. தாத்தாவிடம் அடி வாங்கியே வளர்ந்த மூளை. எல்லைக்கோட்டை எங்கே போடுவது? பல வருஷமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி நீதான் முதலில் சொன்னாய். சோதனைக்கு வந்தவர்களிடம், தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கச் சொன்னார். அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிட்டது. அசைக்கும் எண்ணம் அவர்களுக்கே தெரிந்ததோ சுமார் 200 மில்லி விநாடி முன்புதான். அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, மூளையில் சும்மா ஏறி இறங்கும் சலனமாக இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷர்கர் குழு வேறு விளக்கம் தந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது லிபெட் சொன்ன இன்னொன்று: எண்ணம் தெரிந்த பிறகும், செயலைத் தடுக்கக் கொஞ்சம் நேரம் மிச்சமிருக்கிறது. தடுப்பதற்கும் மூளையில் ஒரு காரணம் இருக்குமே என்பார்கள். இருக்கட்டும்.

கணியன் பூங்குன்றனாரை நாம் முதல் வரியோடு விட்டுவிடுகிறோம். ஆற்றோடு போகும் புணை போல உயிர் முறைவழியே போகிறது என்று கண்டதால்தான் சிறியோரை இகழமாட்டோம் என்கிறார். அப்பாவை இகழ்வதை நானும் விட்டுவிட்டேன். ஆனால் அடித்தது தப்பு. ஊரே அடித்தாலும், ஒருவர்கூடத் தப்பென்று சொல்லாவிட்டாலும் தப்புதான். பத்து வயதுப் பையனின் முதுகு அன்றும் இப்படித்தான் வலித்தது. வலித்தது எனக்கு, சரியா தப்பா என்பதை ஊர் வழக்கம் எப்படி முடிவுசெய்யும்?

அப்புறம், பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தவறிய அந்த ராத்திரி. அப்பா பெல்ட்டை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு அவர் என்னை அடிக்கவே இல்லை. அன்று நிறுத்த முடிந்தவரால் மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை? இதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அன்று நீயும் எங்கள் வீட்டில்தான் இருந்தாய். அப்பா முகத்தைப் பார்த்திருந்தால், என்ன பார்த்தாய் என்று எழுது.

உன் நண்பன்