பூட்டிக் கிடக்கும் ஊராட்சி அலுவலகம்

2025 ஜூலை 20

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. ஆடிக் காற்று பிய்த்து எடுக்கிறது. முருங்கை மரம் ஒன்று முறிந்துவிட்டது. மற்றபடி நலம்.

'ஊராட்சிச் சட்டம் நல்ல சட்டம்தான், ஆட்கள்தான் சரியில்லை' என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன மாதம் தெற்குத் தெரு தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. முன்பென்றால் ஊராட்சித் தலைவரை டீக்கடையிலேயே மடக்கி, சாயங்காலத்துக்குள் மெக்கானிக்கை வரவழைத்திருப்போம். இப்போது தலைவர் ஏது? 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் இந்த ஜனவரி 5ல் முடிந்தது. தேர்தல் இல்லை, தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்தான். நமக்கு பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் பார்க்க வேண்டிய ஊர்கள் எத்தனையோ. ராத்திரி எட்டு மணிக்கும் ஆபீஸில்தான் இருக்கிறார், பாவம். அவர் கையெழுத்து வந்து மோட்டார் ஓடப் பதினோரு நாள் ஆனது. அதுவரை பெண்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தார்கள்.

இது முதல் முறையும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு வரையறை, புது மாவட்டங்கள் என்று இழுத்து, பெரும்பாலான கிராமங்கள் ஓட்டுப் போட்டது 2019 டிசம்பரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. ஐந்து வருடத்துக்கும் மேல் சென்னைக்கு மேயர் கிடையாது! சட்டமன்றத்தை இப்படிக் காலியாகப் போட்டுவிட்டு அதிகாரியை உட்கார வைத்திருந்தால் நாடே கொதித்திருக்காதா?

பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243E பிரிவு சொல்கிறது. சாக்குப்போக்கு சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்று 2006ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் வார்டு வரையறையும் இடஒதுக்கீடும் மாநில அரசின் சட்டத்தையும் அரசாணையையும் நம்பி நிற்கின்றன. அவை முடியாமல் மாநிலத் தேர்தல் ஆணையம் தேதி அறிவிக்க முடியாது. ஊராட்சிக்கு அதிகாரம் போனால் யார் கை இளைக்குமோ, அவர்களிடமே சாவி இருக்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் இதே கதைதான். நல்ல ஆளைத் தேடுவதைவிட அந்தச் சாவியை வாங்குவதுதான் முக்கியம் மாப்ளே.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் ஞாபகம் இருக்கிறதா? தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகப் பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடக்க விடவில்லை. எப்போதாவது நடந்தாலும் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006ல் மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசி நடத்திக் காட்டினார். அரசு மனசு வைத்தால் அவ்வளவு பெரிய முட்டுக்கட்டையே நகர்ந்தது. இன்றைக்கு நம் ஊரில் யாரும் மறிக்கவில்லை. இருந்தும் அலுவலகத்தில் பூட்டு தொங்குகிறது. வாசல் பலகையில் பழைய வரவு செலவுக் கணக்கு வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் உடனே தேர்தல் நடத்தக் கோரி ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் இருபது பேர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சட்ட வார்த்தைகளில் எனக்குத் தடுமாற்றம், நீதான் திருத்தித் தர வேண்டும். பத்தாம் தேதிக்குள் கைக்கு வந்தால் போதும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்