எங்கள் ஏஞ்சல் மீனைப் பிழைக்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், உடன் வளர்ந்த மீன்களாலேயே கடிபட்டு, இனித் தேறாது என்று நாங்கள் நினைத்துவிட்ட ஏஞ்சல் மீன் ஐந்து வாரங்களுக்குப் பின் நன்றாக நீந்துகிறது. உதவியவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்று மனம் உறுத்துவதால் இம்மடலை எழுதுகிறேன்.

இரண்டடித் தொட்டியில் மூன்று ஏஞ்சல்களை வளர்த்து வந்தோம். அவற்றுள் இரண்டு ஜோடி சேர்ந்து ஃபில்டர் குழாயின் மேல் முட்டையிட்டன. ஏஞ்சல் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டையிட்ட ஜோடி அந்தப் பக்கம் வேறு மீனை அண்டவிடாது. பெரிய தொட்டியாக இருந்திருந்தால் மூன்றாவது மீன் விலகிப் போயிருக்கும். எங்கள் தொட்டியில் அதற்கு ஒதுங்க இடமில்லை. காலையில் பார்த்தபோது அது நீர்மட்டத்தை ஒட்டி மூலையில் சாய்ந்து நின்றது. வால் துடுப்பு நார் நாராகக் கிழிந்து, விலாப்பக்கம் இரண்டு அரிசி அளவுக்குச் செதில் உதிர்ந்து, ஒரு கண் பால் படர்ந்தாற்போல் வெளுத்திருந்தது.

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு முதல் நன்றி. கடை திறக்கும் முன்பே அழைத்து என்ன மருந்து ஊற்றுவது என்று பதறிய என்னிடம், "மருந்து அப்புறம்மா, முதல்ல அதைத் தனியா எடுங்க" என்றார். இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றையும், தம் கடைத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் (பஞ்சு) ஃபில்டரையும் ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்தார். புது ஃபில்டரில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்காது, அவை பெருகுவதற்கே வாரங்கள் ஆகும், காயம்பட்ட மீன் அதுவரை தாங்காது என்று அவர் நின்று விளக்கியபோதுதான் அந்த அழுக்குப் பஞ்சின் அருமை எனக்குப் புரிந்தது. எவ்வளவு வற்புறுத்தியும் ஐயா பணம் வாங்கவில்லை.

பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும், எங்கள் தெருவைச் சேர்ந்த தம்பிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நன்னீர் மீனின் உடலுக்குள் வெளிநீரைவிட உப்பு அதிகம். தோல் கிழிந்தால் அந்த வழியே நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றுவதிலேயே மீன் களைத்துப்போகும் என்று சொல்லி, அயோடின் சேராத கல் உப்பை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் தனியே கரைத்து ஊற்றச் செய்தார். நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றும்போது, மாற்றிய நீருக்கு மட்டுமே உப்புச் சேர்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். இல்லையென்றால் நான் ஒவ்வொரு முறையும் முழு அளவு உப்பைப் போட்டு மீனை வதைத்திருப்பேன். மெட்ரோ வாட்டரைக் குளோரின் நீக்கும் திரவம் கலக்காமல் ஊற்றக் கூடாது என்று மூன்று முறையாவது நினைவூட்டியிருப்பார்.

எதிர்வீட்டு அக்கா தம் வாசல் பாதாம் மரத்துச் சருகுகளைக் கழுவி உலர்த்தித் தந்தார்கள். அவற்றைப் போட்டதும் நீர் தேநீர் நிறமானது. அந்த மங்கலில் மீன் மிரள்வது குறைந்தது. ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றபோது, அவர்கள் மகன் எங்களோடு உட்கார்ந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீரில் காற்று கலக்கும்படி குவளையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குத் தேர்வு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்காம் நாள் அது ஒரு புழுவை எடுத்துத் தின்றது. பத்தாம் நாள் கண் தெளிந்தது. துடுப்பின் அடிப்பகுதி சிதையாமல் இருந்ததால் வாலும் வளர்கிறது. புதிதாக முளைத்த விளிம்பு கண்ணாடித் தாளைப் போல நிறமற்று இருக்கிறது. பழைய தொட்டியில் அதை இனி விடப்போவதில்லை. அதற்கென்று தனித் தொட்டி வாங்கிவிட்டோம்.

ஐயா, தங்கள் ஃபில்டரை வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அதன் பஞ்சைத் தாங்கள் சொன்னபடி தொட்டி நீரிலேயே அலசி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பத்தினர்