இத்தாலியர் பட்டியலில் விடுபட்ட ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில், ஓவியம், கடற்பயணம், அறிவியல், ஆடை அலங்காரம் ஆகிய துறைகளில் புகழ்பெற்ற இத்தாலியர்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை, மாலை நேரத்தில் என்னிடம் படிக்க வரும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தேன். லியனார்டோ டா வின்சி, மைக்கலாஞ்சலோ, கொலம்பஸ், கலிலியோ, மார்க்கோனி என்று பெயர்கள் குறைவில்லாமல் இருந்தன. பாராட்டத்தக்க முயற்சி அது. ஆயினும் எங்கள் தோட்டங்களில் நாள் தவறாமல் காலையில் உச்சரிக்கப்படும் ஓர் இத்தாலியப் பெயர் அந்தக் கட்டுரையில் எங்குமே இல்லை. "புள்ளய மொண்டிசோரியில விட்டுட்டு மலைக்குப் போறேன்" என்று சொல்லாத தாய், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் இல்லை. அது ஒரு பெண்மணியின் பெயர் என்று நான் சொன்னபோது, ஒன்பதாம் தரத்தில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்திகூட நம்ப மறுத்தாள். முன்பள்ளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் என்றே அவள் இதுவரை எண்ணியிருக்கிறாள். அந்தக் குறையை எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி, இத்தாலியின் கிழக்குக் கரையை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை ஊரும் உறவும் விரும்பாத காலத்தில் உரோமைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1896இல் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதற் பெண் மருத்துவர்கள் சிலருள் ஒருவரானார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சிறுவர்களிடையே பணியாற்றியபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே முதலில் தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். கைகளால் தொட்டும் அடுக்கியும் பழகக் கொடுத்தால் அவர்களும் கற்பார்கள் என்று காட்டிய பிறகு, மற்றப் பிள்ளைகள் ஏன் இதைவிடச் சிறப்பாகக் கற்கவில்லை என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

அக்கேள்விக்கு விடை தேட அவருக்கு வாய்த்த இடத்தைப் பற்றி மலையக வாசகர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். உரோமை நகரின் சான் லொறென்சோ என்ற பகுதியில் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த தொடர்மாடிகள் இருந்தன. தாயும் தந்தையும் விடியலிலேயே வேலைக்குப் போய்விட, பார்ப்பாரின்றி விடப்பட்ட சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் விளையாடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். அக்கட்டடங்களைத் திருத்தி வாடகைக்கு விட்ட நிறுவனம், பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் சுவர்கள் தப்பும் என்று எண்ணி மொண்டிசோரியை அழைத்தது. 1907 ஜனவரி 6ஆம் திகதி அந்த அறை திறக்கப்பட்டது. 'பிள்ளைகளின் வீடு' என்று அதற்குப் பெயரிட்டார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்குப் போகும் தாய், லயத்து வாசலில் விடப்படும் பிள்ளை, தொழிலுக்கு இடைஞ்சல் வராதிருக்கத் தோட்டத்து நிர்வாகங்கள் அமைத்த பிள்ளை மடுவம் என்னும் குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை அறிந்த எவருக்கும், உரோமையின் அந்த அறை அந்நியமாகத் தோன்றாது. உலகெங்கும் இன்று வசதி படைத்தோர் பெருந்தொகை செலுத்திப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஒரு கல்விமுறை, எங்களைப் போன்ற தொழிலாளரின் பிள்ளைகளிடையேதான் உருவானது என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த அறையில் அவர் செய்தவை பார்வைக்கு எளியவை. பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற மேசையும் கதிரையும் செய்வித்தார். பொருட்களைப் பிள்ளையே எடுத்து, பிள்ளையே திருப்பி வைக்கும்படி அலுமாரிகளைத் தாழ்வாக அமைத்தார். ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் வரையுள்ள பத்து மரக்கட்டைகளைப் பெரிதின்மேல் சிறிதாக அடுக்கும் பிள்ளை, பிழையாக வைத்தால் அதைக் கோபுரமே காட்டிக்கொடுக்கும். அதட்டித் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டியதில்லை. சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டிப் பலகையில் ஒட்டிக் கொடுத்து, எழுதுகோல் பிடிக்கும் முன்பே விரலால் அவற்றின் வடிவத்தைத் தடவிப் பழகச் செய்தார். சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள்.

எங்கள் பகுதியில் அவர் பெயரைத் தாங்கிய பலகைகளுக்குப் பின்னால் நான் கண்டிருப்பது வேறு. மூன்றரை வயதுப் பிள்ளைகளை வாங்கில் வரிசையாக இருத்தி, கையைக் கட்டச் சொல்லி, ஆங்கில எழுத்துகளைக் கூட்டாகச் சொல்ல வைக்கிறார்கள். அங்கு கற்பிக்கும் இளம் பெண்களை நான் குறை கூறவில்லை. சொற்பக் கொடுப்பனவில், பயிற்சிக்கு வழியின்றி, பெற்றோர் கேட்பதையே அவர்கள் செய்கிறார்கள். மரக்கட்டைகளும் சொரசொரப்புத் தாளும் பெருஞ்செலவுள்ள பொருட்கள் அல்ல. ஒரு தச்சரும் ஒரு கிழமை அவகாசமும் போதும். யாருடைய பெயரில் பள்ளி நடத்துகிறோம் என்பதும், அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியாமல் போனதே பெருங்குறை என்பது என் கருத்து.

அவர் நம்மவர்களுக்கு எட்டாத் தூரத்தில் வாழ்ந்து மறைந்தவருமல்லர். முசோலினியின் ஆட்சிக்கு இணங்காததால் 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று 1939இல் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறக்குறைய 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மகனைத் தடுப்புமுகாமுக்கு அனுப்பி, தாயின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவருடைய 70ஆவது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தது. போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். மலையும் பனியும் தமிழ்ப் பேச்சும் நிறைந்த ஓர் ஊரில் இருந்துகொண்டுதான் பிள்ளைகளைப் பற்றிய அவருடைய சிந்தனை மேலும் முதிர்ந்தது. இத்தாலியர்கள் அவரை மறக்கவில்லை. அவர்களுடைய 1000 லீரா பணத்தாளில் 1980களில் மார்கோ போலோவின் உருவம் இருந்தது. 1990 முதல் யூரோ நாணயம் வரும்வரை மொண்டிசோரியின் உருவமே இருந்தது. தங்கள் கட்டுரையில் மார்கோ போலோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவருக்குப் பின் அதே தாளில் இடம்பெற்ற பெண்மணிக்குக் கிடைக்கவில்லை.

மார்கோ போலோவைப் பற்றியும் ஒரு சொல். வெனிஸ் நகரத்தவரான அவர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து திரும்பும் வழியில் நம் தீவைப் பற்றியும், சங்கிலிகளைப் பிடித்து ஏறவேண்டிய ஓர் உயர்ந்த மலையைப் பற்றியும் சொல்லிச் சென்றிருக்கிறார். அது மஸ்கெலியாவில் என் வீட்டு வாசலிலிருந்து தெரியும் சிவனொளிபாதமலையேதான். அதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று மலையைப் பார்த்திருப்பார்கள். அவ்வாறே இத்தாலிய விஞ்ஞானி தொரிசெல்லி 1643இல் பாதரசத்தைக் கொண்டு வளியமுக்கத்தை அளந்தார் என்பதோடு நிறுத்தாமல், கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் நிற்கும் அந்தப் பாதரசம் நுவரெலியாவின் உயரத்தில் 600ஐச் சற்றே தாண்டி நின்றுவிடும் என்றும், நீர் அங்கு 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால்தான் அம்மாவின் பருப்பு வேகச் சுணங்குகிறது என்றும் எழுதலாம். முப்பது வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பருப்பைச் சொன்ன பிறகு தொரிசெல்லியை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை.

கொலம்பஸைப் பற்றிய பகுதியில்தான் எனக்கு உண்மையான மனக்குறை உண்டு. ஜெனோவா நகரத்து நெசவாளரின் மகனான அவர் 1492இல் கடலைக் கடந்த துணிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1493இல் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரீபியன் தீவுக்குக் கொண்டுபோனவரும் அவரே. அத்தீவின் பூர்வீக மக்கள் நோயாலும் கட்டாய உழைப்பாலும் அழிய, ஆபிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிவந்து நடத்திய கரும்புத் தோட்டங்கள் அங்கு பெருகின. பிரித்தானியப் பேரரசில் 1834இல் அடிமைமுறை முடிவுக்கு வந்தபின், அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். எம் முன்னோர் கங்காணிமாரின் கீழ் கண்டிச்சீமை என்ற இந்த மலைநாட்டுக்கு நடந்து வந்த வழி வேறென்றாலும், தோட்டம் என்ற அமைப்பு ஒன்றே. தம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கொலம்பஸ் 'அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்' என்ற ஒரு வரி போதாது.

ஆடை அலங்காரப் பகுதியில் விலையுயர்ந்த நிறுவனங்களின் பெயர்களே நிறைந்திருந்தன. அவற்றுள் ஒன்றை நிறுவிய சல்வத்தோரே பெரகாமோ, பொனித்தோ என்ற ஏழைக் கிராமத்தில் பதினான்கு பிள்ளைகளுள் பதினோராவதாகப் பிறந்து, சிறுவயதிலேயே சப்பாத்துத் தைக்கப் பழகியவர் என்பதைச் சேர்த்திருந்தால், எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் இளைஞர்களுக்கு அது பயன்பட்டிருக்கும்.

இன்னொருவரும் விடுபட்டிருக்கிறார். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அவர் விடுபட்டது எனக்குப் பெரும் வியப்பு. 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கியை நாம் வீரமாமுனிவர் என்று அறிவோம். 1711 அளவில் மதுரைப் பக்கம் வந்து, எம் முன்னோர் புறப்பட்டு வந்த அதே திருச்சிச் சீமையில் ஊர் ஊராகத் திரிந்து, சதுரகராதி என்ற தமிழ் அகராதியைத் தொகுத்து, 1747இல் இந்திய மண்ணிலேயே மறைந்தவர் அவர். ஓலைகளில் புள்ளி இடாமல் எழுதியதால் 'எ'கரத்துக்கும் 'ஏ'காரத்துக்கும் வேறுபாடு தெரியாதிருந்த நிலையைத் திருத்தி, ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கியவர் என்று தமிழ் எழுத்து வரலாறு அவரைக் கொண்டாடுகிறது.

எங்கள் முன்பள்ளியில் என்றைக்காவது ஒரு பிள்ளை சொரசொரப்புத் தாளில் வெட்டிய 'கே' என்ற எழுத்தைத் தடவிப் பார்க்குமானால், அந்தச் சிறு விரல் இரண்டு இத்தாலியர்களின் உழைப்பை ஒருங்கே தொட்டிருக்கும். ஆகவே மொண்டிசோரி அம்மையாரையும் வீரமாமுனிவரையும் பற்றித் தங்கள் மாணவர் பகுதியில் தனிக் கட்டுரைகள் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்னவரின் படம் ஒன்றையும் சற்றுப் பெரிதாக அச்சிட்டால், அதை வெட்டியெடுத்து முன்பள்ளிச் சுவரில் ஒட்டுவதாக இங்குள்ள ஆசிரியை எனக்கு வாக்களித்திருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
மஸ்கெலியா.